கட்டிய கை, பாடிய வாய்

சென்ற ஆண்டு முதுகலை மாணவிகளுக்குப் பெரியாழ்வார் திருமொழி நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் பத்தில் வரும் காதுகுத்துப் பதிகம் அன்றைய பாடம். கண்ணனைக் காது குத்திக்கொள்ள வரும்படி யசோதை அழைக்கிறாள். கொஞ்சுகிறாள், கெஞ்சுகிறாள், ஆசை காட்டுகிறாள், பயம் காட்டுகிறாள். பிள்ளை வர மறுக்கிறது. ஒரு பாட்டில் காதிலிட்ட கடிப்பையே பறித்து எறிந்துவிட்டு ஓடுகிறது. பக்திச்சுவை, தாய்மைச்சுவை என்று நான் வழக்கம்போல் சொல்லிக்கொண்டு போனேன். கடைசி பெஞ்சில் இருந்த மாணவி எழுந்தாள். திருமணமாகி, இரண்டு வயதுப் பெண்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் துறையூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். "மேம், இது ஆஸ்பத்திரியில புகை வைக்கிற ரூம் மாதிரியே இருக்கு" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறையை நானும் அறிவேன்.

நெபுலைசர் என்ற சொல்லை நம் வீடுகளில் பலரும் சொல்வதில்லை. புகை வைப்பது, ஆவி வைப்பது என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது புகையும் இல்லை, ஆவியும் இல்லை. ஒரு சிறிய இயந்திரம் காற்றை அழுத்தி, குழாய் வழியாக மருந்துக் கிண்ணத்துக்குள் செலுத்துகிறது. திரவ மருந்து மிக நுண்ணிய துளிகளாக உடைந்து மூடுபனிபோல் முகமூடிக்குள் வருகிறது. இளைப்பு கண்ட குழந்தைக்குச் சுருங்கிப்போன மூச்சுக்குழாயைத் தளர்த்த, பெரும்பாலும் சால்புடமால் என்ற மருந்தை இப்படிக் கொடுக்கிறார்கள். ஏறக்குறைய பத்து நிமிட வேலை. ஊசி இல்லை, இரத்தம் இல்லை, வலி இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தை எழுப்பும் அலறல் வார்டு முழுக்கக் கேட்கும்.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. மார்கழிப் பனி. இரவெல்லாம் நெஞ்சுக்குள் சீழ்க்கையடித்தது. விடியும் முன் ஆட்டோ பிடித்து ஓடினோம். அறைக்குள் நான் மட்டும் போனேன். ஆண்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். அவள் அப்பா மருந்துச்சீட்டோடு வராந்தாவில் நின்றார். உள்ளே இயந்திரத்தின் இரைச்சல். முகத்தை நோக்கி வரும் பச்சை நிறப் பிளாஸ்டிக். மகள் திமிறினாள். "ஏம்மா, புள்ளையைக் கெட்டியாப் பிடி! உன் புள்ளதானே, பிடிக்கத் தெரியாதா?" என்றது ஒரு குரல். இன்னொருவர் காலைப் பிடித்தார். மூன்றாமவர் முகமூடியை அழுத்தினார். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தவள் நான். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று சொல்லிக்கொண்டே பிடித்தேன். வெளியே வந்ததும் மாமியார் கேட்டார்: "ஈரத் தலையோட விட்டியா?"

அந்த ஆண்டுதான் என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிள்ளைத்தமிழ் பற்றிய இயலை எழுதிக்கொண்டிருந்தேன். 'தாய்மைக் குரலின் மேன்மை' என்று அதற்குத் தலைப்பு வைத்திருந்தேன். பகலில் அந்தக் குரலைப் புகழ்ந்து எழுதினேன். இரவில் அதே குரலில் பொய் சொல்லிக் குழந்தையின் கையைப் பிடித்தேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அப்போது தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அந்த இயலுக்கு நான் எழுதும் தாமதமான திருத்தம்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள். அவற்றுள் அம்புலிப் பருவம்தான் பாடுவதற்குக் கடினமானது என்று புலவர்கள் சொல்வது வழக்கம். குழந்தையோடு விளையாட வா என்று நிலவை அழைக்க வேண்டும். அதற்குச் சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களையும் கையாள வேண்டும். நீயும் குழந்தையும் ஒப்பானவர்கள் என்று இனிமையாகச் சொல்வது சாமம். நீ தேய்கிறாய், களங்கம் உடையவன், இவன் அப்படியில்லை என்று வேற்றுமை காட்டுவது பேதம். வந்தால் இன்னின்ன கிடைக்கும் என்பது தானம். வராவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா என்பது தண்டம். அரசன் பகைவனிடம் கையாள வேண்டிய உபாயங்களைத் தாய்மொழிக்குள் கொண்டுவந்த திறமையை நாம் வியக்கிறோம். நானும் வியந்து எழுதினேன்.

இப்போது அந்த அறைக்கு வாருங்கள். "என் தங்கமில்ல, ராஜாத்தியில்ல" என்பது சாமம். "பக்கத்துப் பாப்பாவைப் பாரு, எவ்வளவு சமர்த்தா வச்சிக்கிது, நீயும் இருக்கியே" என்பது பேதம். "வச்சிக்கிட்டா சாக்லேட், செல்போன்" என்பது தானம். "அழுதா டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்பது தண்டம். நான்கும் தவறாமல், ஏறக்குறைய இதே வரிசையில், ஐந்து நிமிடத்துக்குள் வந்து போகின்றன. இலக்கணம் படிக்காத தாயும் செவிலியரும் அம்புலிப் பருவத்தை அன்றாடம் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அம்புலி பதில் சொல்வதில்லை. அழைப்பவரின் வாக்குத்திறனைக் காட்டத்தான் நிலவு வேண்டும். அது அஞ்சுகிறதா, ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அந்தப் பருவத்தில் இடமே இல்லை. நாம் நான்கு உபாயங்களையும் குழந்தையிடம் பயன்படுத்தும்போது குழந்தையை நிலவின் இடத்தில் வைக்கிறோம். எதற்குப் பயப்படுகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை. "வலிக்காது" என்கிறோம். அது உண்மைதான். ஆனால் குழந்தை வலிக்கு அஞ்சவில்லை. ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கும் உடம்பு அது. அந்த நேரத்தில் வாயையும் மூக்கையும் ஒன்று மூட வருகிறது. அது இரைகிறது, ஈரமாக இருக்கிறது, பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது. மூச்சை அடைத்துவிடுவார்களோ என்பதுதான் அதன் பயம். கேட்காத கேள்விக்கு நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

தாலாட்டும் இதில் நமக்கு அதிகம் உதவுவதில்லை. யார் அடித்து அழுகிறாய் என்று கேட்டு, உறவுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தும் தாலாட்டை எல்லாரும் கேட்டிருப்போம். அங்கே அடித்தவர் கையில் இருப்பதும் பூச்செண்டுதான். நான் கேட்டு வளர்ந்த பாடல்களில் அந்த வரிசையில் ஒருத்தி மட்டும் வந்ததே இல்லை. அவள்தான் பாடுகிறவள். தன் கையைப் பற்றித் தாய் பாடுவதற்கு அந்த மரபு இடம் வைக்கவில்லை. தாய் அடிக்கமாட்டாள், கட்டமாட்டாள், பொய் சொல்லமாட்டாள் என்ற புனிதத்தை அது காப்பாற்றுகிறது. அந்தப் புனிதம் நமக்குப் பெருமையாகத் தெரியலாம். உண்மையில் அது வாயைக் கட்டும் துணி. கட்டிப் பிடித்தவள், அதைச் சொல்லி அழ இடமில்லாமல் வீட்டுக்கு வருகிறாள்.

இந்தப் பின்னணியில்தான் காதுகுத்துப் பதிகத்தை மறுபடி படித்தேன். முதல் பாட்டின் தொடக்கத்திலேயே யசோதை என்ன சொல்கிறாள்? பேர்பெற்ற உன் தந்தை வரத் தாமதிக்கிறார்; கம்சன் கொடியவன்; காப்பார் யாருமில்லை. ஒரு குழந்தையின் உடம்பில் வலியுண்டாக்கும் சடங்கு தந்தை இல்லாத அறையில் தொடங்குகிறது. அடுத்து ஆயர்பாடிப் பெண்கள் எல்லாரும் வந்து கூடிவிட்டார்கள் என்கிறாள். பாக்கு முதலியன எடுத்துவைத்தாயிற்று. கூட்டம் கூடிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது. பிள்ளையின் பயத்தை விட ஊர்ப்பெண்களின் கண்கள் தாயை விரட்டுகின்றன. வரிசையில் காத்திருக்கும் மற்ற தாய்மாருக்கு முன் "பிடிக்கத் தெரியாதவள்" என்று பெயரெடுத்த எனக்கு அந்த அவசரம் தெரியும்.

பிறகு நான்கு உபாயங்களும் வருகின்றன. மகரக்குழை வைத்திருக்கிறேன், கேட்டதெல்லாம் தருகிறேன் என்கிறாள். சேரிப் பிள்ளைகள் எல்லாரும் காது பெருக்கித் திரிவதைப் பார் என்கிறாள். இதுவரை அம்புலிதான். ஆனால் இந்தப் பதிகம் ஒரு படி தாண்டுகிறது. இங்கே பிள்ளை பதில் சொல்கிறது. யாரோ சொன்ன கோளை நம்பி, வெண்ணெய் திருடினேன் என்று என்னை உரலோடு கட்டவில்லையா? மண் தின்றேன் என்று என்னை அடித்துப் பிடித்து எல்லாருக்கும் காட்டவில்லையா? பயந்த குழந்தை தாயிடம் வைக்கும் குற்றப்பத்திரிகை இது. காதுகுத்தலைப் பற்றிப் பிள்ளை இங்கே பேசவே இல்லை. முன்பு நடந்ததைப் பேசுகிறது. உன் கையை நான் அறிவேன் என்கிறது.

குழந்தையின் பயத்துக்கு ஞாபகம் உண்டு என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன இடம் நம் இலக்கியத்தில் வேறு உண்டா என்று தேடிப் பார்க்கிறேன். பதிகம் கேசவன் தொடங்கிப் பன்னிரு நாமங்களை ஒவ்வொரு பாட்டிலும் வைத்துப் போகிறது. பன்னிரண்டாவது நாமம் தாமோதரன். வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன் என்பது அதன் பொருள். தாய் கட்டிய கயிறு பிள்ளையின் பெயராகவே ஆகிவிட்டது. பதிகம் அந்தப் பெயரில் வந்து நிற்கிறது. உரையாசிரியர்கள் இதில் இறைவனின் எளிமையைக் கண்டார்கள். அது அவர்கள் பார்வை. நான் இதில் ஒரு தழும்பைக் காண்கிறேன்.

என் மகள் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். இளைப்பு எப்போதோ விட்டுப்போயிற்று. பேச்சுவாக்கில் அந்த மார்கழியைப் பற்றிக் கேட்டேன், ஞாபகம் இருக்காது என்ற நம்பிக்கையில். முகமூடியின் பச்சை நிறம் ஞாபகம் இருப்பதாகச் சொன்னாள். பிறகு, "நீ ஒண்ணுமில்லடான்னு சொல்லிக்கிட்டே இருந்த. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கும்மா மூணு பேர் பிடிச்சீங்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அவ்வளவு பிடித்தும் பயன் கிடைத்ததா என்று பார்த்தால், அதிலும் ஒரு பிழையான நம்பிக்கை இருக்கிறது. "அழட்டும், அழுதா மருந்து நல்லா உள்ள போகும்" என்று அன்று என்னிடம் சொன்னார்கள். நேர்மாறானது உண்மை. அழும் குழந்தை நீளமாக மூச்சை வெளிவிட்டு, வெடுக்கென்று சிறிது உள்ளிழுக்கிறது. மருந்துத் துளிகளில் பெரும்பகுதி தொண்டையில் படிந்து வயிற்றுக்குப் போய்விடுகிறது. நுரையீரலுக்குப் போவது குறைந்துவிடுகிறது. அழுகிறதே என்று முகமூடியை எட்ட வைத்துப் பிடித்தாலும் மருந்து காற்றில்தான் கரைகிறது. முகத்தோடு பொருந்தியிருக்க வேண்டும், குழந்தையும் அமைதியாக மூச்சுவிட வேண்டும். ஆக, பயத்தைத் தணிப்பது கொஞ்சலுக்காகச் செய்யும் உபரி வேலை இல்லை. அதுவே மருத்துவத்தின் பாகம். அதை "தாயோட வேலை" என்று தள்ளிவிடுகிற வரை மருந்தும் பாதிதான் போகும்.

மருத்துவமனையில் குழந்தையின் பயத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்க மேற்கிலும் வெகுகாலம் பிடித்தது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் 'இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறாள்' என்ற பொருள்படும் ஆங்கில ஆவணப்படத்தை எடுத்தார். எட்டு நாள் தாயைப் பிரிந்து வார்டில் இருந்த ஒரு சிறுமியின் முகத்தைக் காட்டும் படம் அது. அன்றைய பிரிட்டனில் பெற்றோரை வார்டுக்குள் விடுவது அரிது. அழாத குழந்தையை "பழகிக்கொண்டது" என்றார்கள். அது பழக்கமில்லை, துயரம் என்றது படம். 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோர் தடையின்றிப் பார்க்க வரலாம் என்று பரிந்துரைத்தது. அறிக்கை வந்தும் வார்டுகள் எளிதில் மாறவில்லை. 1961இல் லண்டனில் பேட்டர்சீப் பகுதித் தாய்மார் சிலர் அமைப்பாகத் திரண்டு மருத்துவமனைகளை நெருக்கத் தொடங்கினார்கள்.

இந்த வரலாற்றைப் பெண்ணியவாதிகள் இரட்டை மனத்தோடுதான் படிக்க வேண்டும். தாய்மார் போராடி வாங்கிய உரிமை அது. அதே காலத்தில் "தாய் பிரிந்தால் குழந்தை கெடும்" என்ற கருத்து பெண்களை வீட்டோடு கட்டவும் உதவியது. நம் ஊரில் கதையே வேறு. இங்கே தாயை வார்டுக்கு வெளியே நிறுத்தியதில்லை. சம்பளமில்லாத ஆயாவாக அவள் உள்ளேயே இருக்கிறாள். கட்டிலுக்கடியில் படுக்கிறாள், மூத்திரத்துணி அலசுகிறாள், கையைப் பிடிக்கிறாள். உள்ளே விடுவதும் சொல்லைக் கேட்பதும் ஒன்றில்லை. "இவள் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் அழமாட்டாள், இரண்டு நிமிஷம் கொடுங்கள்" என்று ஒரு தாய் சொன்னால் கேட்கும் காது அந்த அறையில் இருக்கிறதா என்பதே என் கேள்வி. செவிலியரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே இயந்திரம், வாசல்வரை வரிசை, இரவுப்பணி. அவளும் பெண்தான். அவளுக்கும் யாரும் இரண்டு நிமிஷம் கொடுக்கவில்லை.

அந்த மாணவி என்ன செய்தாள் என்பதைச் சொல்ல வேண்டும். மகளுக்கென்று கொடுத்த முகமூடியைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். இளைப்பு இல்லாத நாளில் அதை விளையாட்டுச் சாமான்களோடு போட்டாள். குழந்தை முதலில் தொடவில்லை. பொம்மைக்கு வைத்தாள். பிறகு தன் அப்பாவைக் கூப்பிட்டு அவர் மீசைமேல் வைத்தாள். தாத்தா தும்மினார். குழந்தை சிரித்தது. நாலாம் நாள் அதுவே எடுத்து அம்மா முகத்தில் வைத்தது. மறுமுறை ஆஸ்பத்திரியில் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சத்தம் வரும், சில்லென்று இருக்கும், மூச்சு அடைக்காது என்று முன்னமே சொன்னாள். நீ வைக்கிறாயா, அம்மா வைக்கவா என்று கேட்டாள். வேண்டுமா என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல இடமில்லாதபோது அப்படிக் கேட்பது இன்னொரு பொய். பிறகு தான் தினமும் வரும் பஸ்ஸின் வழியை மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். புலிவலம் வந்தாச்சு. திருவெள்ளறை வந்தாச்சு. மண்ணச்சநல்லூர், நொச்சியம், டோல்கேட். சத்திரம் வந்தால் இறங்கிவிடலாம். முடிவு எங்கே என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. "கொஞ்சம் அழுதா மேம், நொச்சியம் வரைக்கும்தான்" என்றாள்.

அவள் சொல்லும்போது எனக்குப் பன்னிரு நாமங்கள் நினைவுக்கு வந்தன. அவையும் ஒரு வழித்தடம்தானே. கேட்கிற பிள்ளைக்கு அடுத்து எது, கடைசி எது என்று தெரியும். திருவெள்ளறை என்ற பெயரும் தற்செயலாக அமைந்தது. அந்தி நேரத்தில் காப்பிட வா என்று பெரியாழ்வாரின் யசோதை அழைப்பது வெள்ளறையில் நிற்பவனைத்தான்.

எல்லா நேரத்திலும் இப்படி முடியாது. நெஞ்சு உள்வாங்கி, உதடு நீலம் பாரித்து வரும் குழந்தைக்குப் பொம்மை விளையாட்டுக்கு நேரமில்லை. அப்போது பிடிக்கத்தான் வேண்டும். நானும் அன்று பிடித்தது தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். தவறு "ஒண்ணுமில்ல" என்ற சொல்லில் இருந்தது. "உன்னைப் பிடிக்கிறோம், உனக்குப் பயமா இருக்கு, எனக்குத் தெரியும், சீக்கிரம் முடியும்" என்று சொல்லியிருக்கலாம். முடிந்தபின் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் பருவம் ஒன்று பிள்ளைத்தமிழில் இல்லை. பதினோராவதாக அதை நாம் எழுதலாம்.

கடைசியாக ஒன்று. காதுகுத்துப் பதிகத்தை எழுதியவர் ஆண். தாயின் குரலை ஆண் புலவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று நானும் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆனால் இந்தக் கவிஞரைப் பற்றி மரபு சொல்லும் கதையை மறந்துவிடுகிறோம். துளசிப் பாத்தியில் கிடந்த பெண்குழந்தையை எடுத்து வளர்த்தவர் அவர். அந்தக் குழந்தை ஆண்டாள். கதை உண்மையோ இல்லையோ, அது ஒன்றைச் சொல்கிறது. பயந்த பிள்ளையின் பேச்சைக் கேட்கும் காது கருப்பையோடு வருவதில்லை. இரவு விழித்துப் பிள்ளை வளர்த்தால் யாருக்கும் வரும்.

ஆகவே வராந்தாவில் மருந்துச்சீட்டோடு நிற்கும் அப்பாக்களை உள்ளே கூப்பிடுங்கள். மடியில் உட்காரவைத்துப் பஸ் வழி சொல்ல அவர்களுக்கும் தெரியும். தாமதித்த தந்தையோடு தொடங்குகிற அந்தப் பதிகத்தை இந்த ஆண்டு வகுப்பில் இப்படித்தான் நடத்தப்போகிறேன். என் மகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "சரி விடும்மா" என்றாள். பிறகு, "அப்பாவையும் கேக்கச் சொல்லு, அவரு எங்க இருந்தாரு?" என்றாள்.